மூன்று தடவை மாற்றிய ஸ்டியரிங் ஒயில்

எங்களுக்கு வாப்பாவைத் தந்தவன் அல்லாஹ். திருப்பி எடுத்துக்கொண்டவனும் அவனே. அவனுடைய முடிவைப் பொருந்திக்கொள்ளும் மனதை எங்களுக்குத் தரவேண்டும் என்று கேட்டபடி, வாப்பாவுக்காக ஓதும் நாற்பதாம் நாள் கத்தத்துக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அயலவர்களுக்கும் வாப்பா அவர்களின் மூத்த மகளான நான் இதை எழுதுகிறேன். "நல்லத மட்டும் எழுதுங்க ராத்தா" என்று தம்பி சொன்னான். அவன் சொன்னபடி செய்ய என்னால் முடியவில்லை. ஏன் என்பது போகப்போக உங்களுக்கு விளங்கும்.

வாப்பா நிந்தவூரில் ஒரு வயல்காரரின் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தார். பன்னிரண்டு வயதில் தகப்பனை இழந்தார். படிப்பு அத்தோடு நின்றது. வேறொருவரின் டிரக்டரில் ஏறி உழவு பழகி, பிறகு அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் ஜீப் சாரதியானார். முப்பது வருடம் அந்த வேலை. வெள்ளத்திலும் ஓடினார், சண்டைக் காலத்து றோட்டிலும் ஓடினார். சுனாமி வந்த அன்று அந்த ஜீப்பில் எத்தனை பேரின் மையித்துகளை ஏற்றினார் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தக் கிழமை முழுக்க அவர் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தது மட்டும் எனக்கு ஞாபகம்.

பிடிவாதக்காரர். கோபம் மூக்குநுனியில் இருக்கும். ஆனால் பொய்யை வெறுத்தார். ஊரில் யாராவது பழைய கார் வாங்கப் போனால் முதலில் வாப்பாவைத்தான் கூட்டிப் போவார்கள். அவர் ஒரு சுற்று ஓடிப் பார்த்து இறங்கி, "எடு மகன்" என்றால் எடுப்பார்கள். முகத்தைச் சுளித்தால் விற்க வந்தவர் பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். "இந்தக் கை பொய் சொல்லாது" என்று வலது கையை விரித்துக் காட்டுவார். அவர் சொல்லி ஊர் கேட்காத நாளை நான் கண்டதில்லை. அதுதான் பிறகு வினையாகப் போனது.

ஓய்வு பெற்றதும் அவரும் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். எங்களுக்கு முன்பே இரண்டு கை மாறிய கார். கொண்டுவந்து நிறுத்திய அன்றே முன்பக்கத்தைத் திறந்து, பவர் ஸ்டியரிங் ஒயில் டப்பாவின் மூடியைக் கழற்றி, ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் தொட்டார். கறுப்பாக இருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, "கருகிப் போச்சு. மாத்தவே இல்ல போல" என்றார். எந்த ஒயில் ஊற்ற வேண்டும் என்பது மூடியிலேயே எழுதியிருக்குமாம். எங்கள் காரில் எழுத்து பாதி அழிந்திருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, டோர்ச் பிடித்து எழுத்தெழுத்தாக வாசித்தார். "எல்லாச் சிவப்பு ஒயிலும் ஒண்டில்ல புள்ள. சில காருக்கு ஓட்டோ கியர் ஒயில் போதும், சிலதுக்கு ஸ்டியரிங்குக்கெண்டே இரிக்கிற ஒயில்தான் ஊத்தணும். மாறினா ரப்பர் சீல் எல்லாம் கெட்டு ஒழுகத் தொடங்கும்" என்றார். ஒரு கார் தன் வீட்டுக்கு வந்ததே என்று குழந்தை மாதிரி சந்தோசப்பட்டார்.

அந்த ஒயிலை மாற்றியது யோகன் அண்ணன். பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவில் றோட்டோரமாகச் சின்ன கராஜ் வைத்திருக்கிறார். வாப்பாவை, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, நானா என்றுதான் அழைப்பார். "அவன்ட வேல சுத்தம்" என்று வாப்பாவே பலரை அங்கே அனுப்பியிருக்கிறார். சில வருடம் ஒரு குறையும் இல்லாமல் கார் ஓடியது.

பிறகு ஒரு நாள் கல்முனையால் வந்து இறங்கிய வாப்பா, "ஸ்டியரிங் இறுகுது" என்றார்.

யோகன் அண்ணன் முன் சக்கரங்களை ஜக்கில் தூக்கினார். டப்பாவில் இருந்ததை உறிஞ்சி எடுத்து, திரும்பி வரும் குழாயைக் கழற்றிப் போத்தலுக்குள் விட்டார். ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பத் திருப்ப, பழையது முழுவதும் வெளியே வந்து புதியது உள்ளே போனது. காற்றுக் குமிழி அடங்கும்வரை காத்திருந்து அளவு பார்த்து மூடினார். பத்து நாள் கழித்து வாப்பா மறுபடியும் "இறுகுது" என்றார். இரண்டாம் தடவையும் காரைக் கொண்டு போனார். இந்த முறை பெல்ட், குழாய், டயர் காற்று எல்லாம் பார்த்து மறுபடியும் புது ஒயில் ஊற்றிக் கொடுத்தார் யோகன் அண்ணன். வீட்டுக்கு வந்த அன்றே வாப்பா சொன்னார், "அப்பிடியேதான் இரிக்கி."

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆவுக்கு நடந்து போன நேரம், நான் காரை ஸ்டார்ட் பண்ணி எங்கள் ஒழுங்கைக்குள் முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தேன். நின்ற இடத்திலேயே ஒற்றை விரலால் ஸ்டியரிங் சுற்றியது. சில கிழமையாக வாப்பா இடது கையால் தேநீர் குடிப்பதைக் கண்டிருக்கிறேன். சட்டைப் பொத்தானை உம்மா பூட்டிவிடுவதையும் கண்டிருக்கிறேன். கேட்டால், "வயசு போகுது" என்பார்.

அவர் பள்ளியால் வந்ததும் என்னைக் கேட்டார். "நீ எடுத்துப் பாத்தியா? எப்பிடி இரிக்கி?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, கார் நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் கைதான் சரியில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை.

"ஓம் வாப்பா. இறுக்கமாத்தான் இரிக்கி" என்றேன்.

நான் செய்த பிழை இதுதான். சாட்சி கிடைத்துவிட்ட துணிவில் வாப்பா மூன்றாம் தடவை போய், பக்கத்திலேயே நின்று, ஒயிலை மாற்றுவித்தார். அதற்கும் இறுக்கம் போகவில்லை. அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளியடித் தேநீர்க் கடையில் பத்துப் பேருக்கு முன்னால், "யோகன் பழைய ஒயிலத்தான் திருப்பித் திருப்பி ஊத்திரிக்கான். நான் மட்டும் சொல்லல்ல, என் மகளும் ஓடிப் பாத்திட்டா" என்று சொல்லிவிட்டார். வாப்பா சொன்னால் ஊர் கேட்கும் என்று முன்பே எழுதினேன். அந்த மாதத்தோடு நிந்தவூர் வாகனங்கள் அந்தக் கராஜுக்குப் போவது நின்றது. "அங்கால ஊர்க்காரன நம்பினா இப்பிடித்தான்" என்று வேறு சிலர் சேர்த்துவிட்டார்கள். வாப்பா சொல்லாத வார்த்தை அது, ஆனால் அவர் திறந்துவிட்ட கதவால்தான் அதுவும் வந்தது. நான் வீட்டுக்குள் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டு வாய்மூடி இருந்தேன்.

நான்கு மாதம் கழித்து நரம்பு டாக்டர் வாப்பாவின் நோய்க்குப் பெயர் சொன்னார். தசைகளை ஆட்டுகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய். மருந்து இல்லை. முதலில் வந்திருந்தாலும் இல்லை என்றார். எங்களைத் தேற்றச் சொன்னாரோ உண்மையாகச் சொன்னாரோ தெரியாது. வலது கை போனது, பிறகு இடது, பிறகு கால். வாப்பாவின் கை பொய் சொல்லவில்லைதான். அது தன்னைப் பற்றிச் சொன்னதை நாங்கள் காரைப் பற்றி என்று எடுத்துக்கொண்டோம்.

கிளினிக் போக நான்தான் கார் ஓடினேன். ஒரு தடவை கல்முனைச் சந்தியில் திரும்பும்போது, பக்கத்தில் பெல்ட் போட்டு இருத்தியிருந்த வாப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கையால்தான் திருப்பினேன். வெகு தூரம் போனபிறகு, குழறிக் குழறிக் கேட்டார்.

"ஒயில் நல்லாத்தான் இரிக்கி, என்ன?"

"ஓம் வாப்பா."

"அண்டைக்கும்?"

நான் றோட்டையே பார்த்துக்கொண்டு கார் ஓடினேன். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. கண் கலங்கியது. துடைக்க அவருக்குக் கை எழும்பவில்லை, நான்தான் காரை ஓரத்தில் நிறுத்தித் துடைத்துவிட்டேன். "கார யோகன்ட்ட விடு. மாப்புக் கேக்கணும்" என்றார். "இந்தக் கோலத்திலயா வாப்பா? கொஞ்சம் சுகமாகட்டும், போவம்" என்றேன். சுகமாகாது என்று தெரிந்துகொண்டே சொன்னேன். அது என் இரண்டாவது பொய். ஒரு மாதத்துக்குள் பேச்சு நின்றது. அதற்குப் பிறகு, கார் கராஜைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணை அந்தப் பக்கம் திருப்பி என்னைப் பார்ப்பார். நான் நிறுத்தவில்லை. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் மூன்று நாள் இந்தத் தாளை மூடி வைத்திருந்தேன்.

வாப்பா ஒரு நாள் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் தம்பி சபையில் எழும்பி, வாப்பா யாருடைய மனதையாவது நோகடித்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள் என்று கேட்டான். நின்றவர்கள் எல்லாரும் மன்னித்தோம் என்றார்கள். மன்னிக்க வேண்டிய யோகன் அண்ணன் அந்தச் சபையில் இல்லை. அவர் எங்கள் வீட்டுக்கு முன்னால் றோட்டின் அந்தப் பக்கம், ஒயில் படிந்த சட்டையோடு நின்றுவிட்டுப் போனதாக உம்மா சொன்னார்.

பத்தாம் நாள் நான் கராஜுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். யோகன் அண்ணன் கையைத் துடைத்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எனக்கு ரெண்டாந்தரம் வந்தபோதே தெரியும் தங்கச்சி. டப்பா மூடியத் திருகிப் பாத்தார், வலக்கையால ஏலல்ல. நான் காணாத மாதிரி மற்றப் பக்கம் போயிட்டன். கார்ல பிழை இல்ல எண்டு சொன்னா, பிறகு எதில பிழை எண்டு நானா கேப்பார்தானே? அதச் சொல்ல எனக்கு மனசு வரல்ல. ஒயில்ல பிழை எண்டே நெனச்சிட்டுப் போகட்டும் எண்டு மூண்டாந்தரமும் ஊத்தினன்."

"எங்கட வாப்பாவ மன்னிச்சிருங்கண்ணன்."

"நானாவோட எனக்கு ஒண்டும் இல்ல. அவர் தெரியாமச் சொன்னார். நீங்க தெரிஞ்சு சொல்லிரிக்கீங்க. அது எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்." கை துடைத்த துணியை உதறித் தோளில் போட்டார். "எனக்கிட்டச் சொல்லி என்ன தங்கச்சி? சொல்ல வேண்டிய ஆக்கள் உங்கட ஊர்லயல்லவா இருக்கிறாங்க."

என்னை மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லக் கட்டாயமும் இல்லை.

இதை எழுதப் போகிறேன் என்றதும் வாப்பாவின் பேர் கெடும் என்று தம்பி சண்டைக்கு வந்தான். கணவனை இழந்ததால் இத்தாவில் தனித்திருக்கும் உம்மா உள் அறையிலிருந்து, "எழுதட்டும் மகன். அவருக்குக் கபுறுக்குள்ள பாரம் கொறையட்டும்" என்றார்.

வாப்பாவைக் குளிப்பாட்டியவர்களுக்கும், சந்தூக்கைத் தோள் மாற்றிச் சுமந்தவர்களுக்கும், மூன்று நாள் எங்கள் அடுப்பு எரியாமல் சோறு தந்த அயல்வீட்டாருக்கும், நோயின்போது சுணங்காமல் வந்து பார்த்த தாதிமாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. செய்யாத பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு எங்கள் வாப்பாவுக்கு நான்கு மாத நிம்மதியைத் தந்த யோகன் அண்ணனுக்கு நன்றி சொல்ல எனக்கு முகம் இல்லை. அவர் ஊற்றியது சரியான ஒயில். இறுகுது என்று போன மூன்று தடவையும் புதிய ஒயில். பொய் சொன்னவள் நான்.

வாப்பாவின் வெள்ளைக் கார் இன்று வாசலில்தான் நிற்கிறது. கத்தச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போகும்போது ஏறிப் பாருங்கள். கதவு பூட்டவில்லை, சாவி உள்ளேயே இருக்கிறது. அதில் இருப்பது மூன்றாம் தடவை ஊற்றிய அதே ஒயில். ஸ்டார்ட் பண்ணி ஒரு தடவை ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வாப்பாவுக்காக துஆக் கேளுங்கள்.