டயரைத் தட்டிப் பார்த்தவர்

அறுபதுகளின் தொடக்கத்தில், தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். சாரலிலும் கசங்காத வெள்ளைச் சட்டை. ஏறுவதற்கு முன் பஸ்ஸை ஒருமுறை சுற்றிவந்து, டயர்களை ஒவ்வொன்றாகக் காலால் தட்டிப் பார்த்தார். பஸ் கிளம்பியதும் என் பக்கத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு சின்ன நோட்டில் மணியைக் குறித்துக்கொண்டார்.

சோதனைக்கு வந்த அதிகாரி என்று கண்டக்டர் முடிவு கட்டிவிட்டார். அவசரமாகக் காக்கிச் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

"சாருக்கு எந்த ஆபீஸு?" என்று கேட்டேன்.

"ஆபீஸெல்லாம் இல்ல அண்ணாச்சி. பிளேன் ஓட்டப் படிச்சி லைசென்ஸ் வாங்கிருக்கேன். கெளம்புமுன்ன சுத்திப் பாக்கணும், நேரம் எழுதணும்னு அங்கன பழக்கிட்டாங்க."

"அப்ப ஓட்ட வேண்டியதுதான?"

"நெறைய மணி நேரம் பறந்தவனைத்தான் வேலைக்குக் கேக்காங்க. வேலை குடுத்தாத்தான பறக்க முடியும்? என்கூடப் படிச்சவங்க பாதிப்பேரு இப்படித்தான் இருக்காங்க. பறக்காமயே இருந்தா லைசென்ஸும் போயிரும்."

"இந்த பஸ்ஸு நேரம் அதுல சேருமா?"

"சேராது," என்றார். "பழக்கம் விட்டுரக் கூடாதுல்லா."

இலஞ்சியில் இறங்கி, நனைந்துகொண்டே அந்த நேரத்தையும் எழுதினார்.

"அந்த ஆபீசர் நம்ம வண்டியப் பத்தி என்ன எழுதுதாரு?" என்று கண்டக்டர் என் காதருகில் கேட்டார்.

"எல்லாம் சரியா இருக்காம்," என்றேன்.

கண்டக்டர் படியில் நின்று அவருக்கு ஒரு சலாம் வைத்தார். அவரோ மழையில் நின்றபடி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். விமானம் புறப்படலாம் என்பதற்குத் தரையில் நிற்பவர் காட்டும் சைகை அது என்று பின்னால்தான் அறிந்தேன். அதன்பிறகு அவருக்கு அதை யாராவது காட்டினார்களா என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.