அறியாமைக்கு ஒரு சான்றொப்பம்

என் மனைவி ஐம்பத்து நான்காம் வயதில் மஸ்கட்டுக்குச் சிறப்பாசிரியராக வேலைக்குச் சென்றதைப் பற்றி விழுப்புரத்தில் பல கதைகள் உலவுகின்றன. வருமானத்துக்கு ஆசைப்பட்டு நான்தான் அனுப்பினேன் என்பது ஒன்று. எங்களுக்குள் மனத்தாங்கல் என்பது மற்றொன்று. இரண்டையும் மறுக்க வேண்டுமானால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். உண்மையைச் சொன்னால் என் மானம் கொஞ்சம் போகும். யோசித்துப் பார்த்தேன், கதைகளால் போவதைவிட அது குறைவுதான்.

திண்டிவனத்தைச் சுற்றியுள்ள பள்ளிகளில், கற்பதில் சிரமமுள்ள பிள்ளைகளுக்கு அவள் இருபத்திரண்டு ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்தாள். பல் துலக்குவது, சட்டைப் பொத்தான் போடுவது, பேருந்தின் பலகையைப் பார்த்து ஏறுவது எல்லாம் அவளுடைய பாடங்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிய ஆணை வரும். அதில் ‘தற்காலிகம்’ என்று இருக்கும். மஸ்கட்டில் ஒரு பள்ளி நிரந்தரப் பணிக்கு ஆள் தேடுகிறது என்று கோட்டக்குப்பத்து முகவர் ஒருவர் சொன்னபோது, அவள் அன்றிரவே விண்ணப்பத்தை நிரப்பினாள். ஐம்பத்தைந்து முடிந்தவர்களை அந்தப் பள்ளி எடுப்பதில்லை. அவளுக்கு ஏழு மாதங்கள் மிச்சமிருந்தன.

நான் வணிகவியல் முதுகலை. ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவியின் விண்ணப்பத்தை நான் ஆதரிக்கவுமில்லை, எதிர்க்கவுமில்லை. அலுவலக வழக்கில் சொன்னால், ‘பார்வையிடப்பட்டது’ என்று கையெழுத்திட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

தேர்வுக் குழு இணையவழியாக ஒரு மாதிரிப் பாடம் கேட்டது. தலைப்பு முன்கூட்டியே அனுப்பப்பட்டிருந்தது: ஷூ நாடா கட்டக் கற்பித்தல். பிள்ளைகளைக் கேமரா முன் உட்காரவைக்க அவள் மறுத்துவிட்டாள். “எம்பிள்ளைங்க என்ன பொருட்காட்சியா?” என்றாள். பெரியவர் ஒருவரை மாணவராக நடிக்கவைக்கலாம் என்று குழு அனுமதித்தது. அவளுடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் வருவதாக ஏற்பாடு. அன்று காலை அந்த அம்மையாரின் மகளுக்குப் பிரசவ வலி கண்டு, குடும்பமே முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. மணி பத்தே முக்கால். பதினொன்றுக்குப் பாடம்.

“என்னங்க, வந்து ஒக்காருங்க.”

“நான் நடிகனில்லை.”

“நடிக்க வேணாங்க. எப்பவும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க, போதும்.”

இதில் ஏதேனும் உட்பொருள் உண்டா என்று ஆராய நேரமில்லை. உட்கார்ந்தேன். அவள் என்னுடைய கருப்பு ஷூவையே எடுத்துவந்து மாட்டச் சொல்லி, மடிக்கணினித் திரையில் மூன்று அந்நியர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வலது ஷூவின் முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் நாடா வைத்த ஷூ அணியாமல் கல்லூரி வாசலைத் தாண்டியதில்லை. ஆனால் ஷூ நாடா கட்ட எனக்குத் தெரியாது. ஒவ்வொரு புது ஷூவுக்கும் ரயில் நிலையத்துக்கு எதிரே செருப்புத் தைப்பவரிடம் ஒருமுறை இறுக்கிக் கட்டி வாங்கிக்கொள்வேன். அதன்பின் ஷூ தேயும்வரை அந்த முடிச்சை அவிழ்ப்பதில்லை. கரண்டிக் காம்பை வைத்துக் குதிகாலை உள்ளே தள்ளிக்கொள்வேன். இது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

“ரெண்டு நாடாவையும் குறுக்கே போட்டு ஒரு முடிச்சு போடுங்க” என்றாள் மனைவி.

நான் சுவரைப் பார்த்தேன்.

“போடுங்க.”

“எனக்கு இதில் விருப்பமில்லை.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அடுத்து என் விரல்களைப் பார்த்தாள். முப்பத்தொரு ஆண்டு மணவாழ்வில் நான் காத்துவந்த இரகசியம் அந்த இரண்டு பார்வைகளுக்குள் முடிந்துபோயிற்று. அதன்பின் அவள் குரல் மாறிவிட்டது. குழுவுக்காகப் பேசுவதை நிறுத்திவிட்டு எனக்காகப் பேசினாள்.

அவர்களுடைய தொழிலில் ஒரு முறை உண்டு. கடைசிப் படியை முதலில் கற்பிப்பார்கள். எல்லாவற்றையும் ஆசிரியரே செய்து, இறுதி இழுப்பை மட்டும் மாணவனிடம் விடுவார். அவன் இழுத்தால் முடிச்சு விழும். வேலையை முடித்தவன் அவன். அடுத்தமுறை கடைசி இரண்டு படிகள் அவனுக்கு. இப்படியே பின்னாலிருந்து முன்னால் வருவார்கள்.

நான் இழுத்தேன். முடிச்சு விழுந்தது. “வெரி குட்” என்றாள். கல்லூரியில் எவரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை, சொல்ல நான் விட்டதுமில்லை. மூன்றாவது படியில் நாடா கையிலிருந்து நழுவியது. ஷூவைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அவள் நான்கு பட அட்டைகளை என் பக்கம் நகர்த்தினாள். அவற்றில் கையை உயர்த்திய ஒரு பொம்மைப் படம் இருந்தது. ‘எனக்கு ஓய்வு வேண்டும்’ என்று அதற்குப் பொருள். நான் அதை எடுத்து அவளிடம் நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

“சரி, ரெண்டு நிமிஷம்” என்றாள். தண்ணீர் கொடுத்தாள். நாற்பதாவது நிமிடத்தில் முதல் முடிச்சிலிருந்து கடைசிவரை நானே கட்டினேன்.

குழுத் தலைவி தமிழ் பேசும் அம்மையார். அவர் முகத்தில் திருப்தி இல்லை.

“சார் நல்லாத்தான் நடிக்கிறார். ஆனா ரொம்ப ஓவர். பெரியவர் ஒருத்தர் இவ்ளோ அடம் பிடிச்சா நம்பும்படியாவா இருக்கு? கடைசில இவங்க சொல்லிக்கொடுத்துக் கட்டினாரா, தெரிஞ்சதைக் கட்டினாரான்னு நாங்க எப்படி மார்க் போடறது?”

‘இவருக்கு நிஜமாவே தெரியாது’ என்று என் மனைவி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை அவளுடையது. அவளோ அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். கலைத்து மறுபடியும் அடுக்கினாள்.

நான் எழுந்து நின்றேன். எழுந்து நிற்காமல் முக்கியமான எதையும் நான் சொன்னதில்லை. “அம்மையீர், நான் நடிக்கவில்லை. இன்று முற்பகல் பதினொரு மணிவரை எனக்கு ஷூ நாடா கட்டத் தெரியாது.”

திரையில் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் முகவர் தொலைபேசியில் அழைத்தார்.

“சார், நெசமான ஸ்டூடண்டுன்னா முழு மார்க்காம். ஆனா நீங்க எழுதிக் கொடுக்கணும். தெரியாது, கத்துக்கினேன்னு. கெஜடட் ஆபீசர் கையெழுத்தோட. ஜல்தியா அனுப்புங்க சார், வேற ஒரு பொம்பள லைன்ல நின்னுகினு இருக்காங்க.”

பணியிலிருக்கும் அதிகாரிகளில் எனக்கு நெருக்கமானவர் ஒருவர்தான்: என்னோடு மைதானத்தில் காலைநடை வரும் உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர். அவரிடம் ஆறு மணிக்குச் சொன்னது ஏழு மணிக்குள் மைதானத்தை மூன்று சுற்று வந்துவிடும். என் மனைவிக்கும் அது தெரியும். “வேணாம்னா விட்டுடுங்க” என்றாள். அவள் அப்படிச் சொன்னதனாலேயே எழுதிய தாளோடு, ஷூவை மாட்டிக்கொண்டு அவருடைய பள்ளிக்குக் கிளம்பினேன்.

தலைமையாசிரியர் தாளை இரண்டுமுறை படித்தார். கண்ணாடிக்கு மேலாக என் பாதங்களைப் பார்த்தார்.

“இது எதுனா பெட்டா சார்?”

“இல்லை. உண்மை.”

“அப்ப இந்த ஷூவை யாரு கட்டினது?”

“நான்தான்.”

“எங்க, அவுத்துட்டுக் கட்டுங்க பாப்போம்.”

கட்டினேன். நன்றாகவே கட்டினேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

“ஜோரா கட்டறீங்களே சார்! தெரியாதுன்னு நான் எப்படிப் பச்சை மையில கையெழுத்துப் போடறது? நாளைக்கு யாராவது கேட்டா பேஜாராயிடும்.”

வாழ்நாள் முழுவதும் எனக்கு எல்லாம் தெரியும் என்று நிறுவுவதற்கே பாடுபட்டவன், அன்று ஒரு மணிநேரம் எனக்குத் தெரியாது என்று வாதாடினேன். தெரிந்தது நேற்றிலிருந்துதான் என்றேன். கரண்டிக் காம்பைப் பற்றி விவரித்தேன். அவர் அசையவில்லை. இறுதியில் அவரை என் செலவில் ஆட்டோவில் ஏற்றி, ரயில் நிலையத்துக்கு எதிரே அழைத்துப்போனேன்.

செருப்புத் தைப்பவர் என்னைக் கண்டதும் கை நீட்டினார். “குடுங்க சார், புதுசா? கட்டித் தர்றேன்.”

“இவருக்குக் கட்டத் தெரியாதா?” என்றார் தலைமையாசிரியர்.

செருப்புத் தைப்பவர் என் முகத்தைப் பார்த்தார். “அதெல்லாம் நான் எங்கயும் சொல்றதில்லீங்க.”

“சொல்லுங்கள்” என்றேன்.

“சாருக்கு எங்க தெரியும்? முப்பது வருஷத்துக்கு மேலா நான்தானே கட்டிக்கினு இருக்கேன்!”

தலைமையாசிரியர் தையல் பெட்டிமேலேயே தாளை வைத்துக் கையெழுத்திட்டு, பையிலிருந்த முத்திரையை எடுத்துக் குத்தினார். மறுநாள் மைதானத்தில் என்னை எதிர்கொண்ட அனைவரும் முதலில் என் கால்களுக்குத்தான் வணக்கம் சொன்னார்கள்.

ஒன்பதாம் நாள் பணி ஆணை வந்தது. என் மனைவி அதில் ஒரே ஒரு சொல்லை விரலால் தேடினாள். ‘நிரந்தரம்’ என்றிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நாற்காலியில் அமர்ந்திருந்தாள். நான் அலமாரிமேலிருந்து பெரிய பெட்டியை இறக்கி, ஈரத்துணியால் துடைக்கத் தொடங்கினேன்.