அண்ணாந்து பார்க்காத கூரை

லோகேஸ்வரி எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரைத் தட்டுவாள். கல்யாண வீடு, சாவு வீடு என்ற பேதமெல்லாம் அவளுக்குக் கிடையாது. விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் உட்காருவாள். செங்கல்லா, பலகையா, பலகைக்கு மேல் சிமெண்டு பூசி ஏமாற்றியதா என்று அவள் கைக்குத் தெரிந்தாக வேண்டும்.

“வீட்ட வெல பேச வந்துட்டாங்கப்பா” என்று மலேசியாவின் பீடோங்கில் அவளைக் கேலி செய்யாத சொந்தக்காரர்கள் இல்லை.

பீடோங்கை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவள் அவள். பள்ளிக்கூடம் முடிந்ததும் டவுனில் ஒரு சீனரின் ஹார்ட்வேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆணியை எடை போட்டாள், பலகையை அளந்தாள், தகரத்தை எண்ணிக் கொடுத்தாள். எந்தத் திருகாணி எந்தக் கட்டையைப் பிளக்கும், எந்தப் பெயிண்டு எந்தச் சுவரில் நிற்காமல் உரியும் என்பதெல்லாம் அந்தக் கடையில் படித்த பாடம். பிறகு மின்சாரம் தரும் சூரியத் தகடு பொருத்தும் நிறுவனம் ஒன்றில் ஸ்டோர் பொறுப்பு. அங்கிருந்தபடியே தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கினாள். இன்று சுங்கைப் பட்டாணியில் உள்ள ஒரு பயிற்சி நிலையத்தில் மதிப்பீட்டாளர்.

கூரையில் தகடு ஏற்றவும், கூரைக்கடியில் வெப்பத் தடுப்புப் பஞ்சு விரிக்கவும் கற்றுத் தரும் நிலையம் அது. அடுத்தவர் வீட்டுக் கூரையில் ஏறுவதற்கு முன் அந்த வீடு எதனால் ஆனது, எது பாரம் தாங்கும், எதை அடைத்தால் ஈரம் தங்கும், எதைத் தொடவே கூடாது என்று சொல்லத் தெரிய வேண்டும். அதைச் சோதிப்பதுதான் லோகேஸ்வரியின் வேலை. பயிற்சி பெறுகிறவர்களை உண்மையான ஒரு வீட்டுக்கு அழைத்துப் போய், நிற்க வைத்துக் கேட்பாள்.

கேட்பதற்கும் முறை உண்டு. எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே வார்த்தைகள். குறிப்புக் கொடுக்கக் கூடாது. சரியான பதிலுக்குத் தலையாட்டக் கூடாது, தப்பான பதிலுக்குப் புருவம் தூக்கக் கூடாது. கடைசியில் ஒரே ஒரு முறை, “வேற எதாச்சும் பாக்கணுமா?” என்று கேட்கலாம். அவ்வளவுதான். சிரித்த முகமாகவே பிறந்தவளுக்கு இந்த வேலையில் அதுதான் பெரிய சிரமம்.

அப்படிப்பட்டவள் முன்னால்தான் பரஞ்சோதி பயிற்சி முடித்து வந்து நின்றான்.

அவள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவே அந்தக் காலத்தில் ஒரு சுவர் மட்டும்தான். லயத்துச் சுவர் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். அவன் வீட்டில் கருவாடு பொரித்தால் இவள் வீட்டில் பசிக்கும். இவள் வாய்ப்பாடு சொன்னால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவன் திருத்துவான், பெரும்பாலும் தப்பாகத்தான். பதினெட்டு வயதில் பெற்றவர்களையும் கூட்டிக்கொண்டு நாட்டின் தென்கோடி ஜொகூருக்கு வேலைக்குப் போனவன், தொழிற்சாலை தொழிற்சாலையாக மாறி, கடைசியில் கூலிம் ஊரில் வந்து நின்றான். போன வருஷம் அந்தத் தொழிற்சாலையும் வெளிநாட்டுக்குப் போய்விட்டது. ஐம்பதைத் தாண்டியவனை எவன் கூப்பிடுவான்? மனைவி உமாராணி தையல் மெஷினை மிதித்துக் குடும்பத்தை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

சுங்கைப் பட்டாணி நிறுவனம் ஒன்று, இந்தத் தடவை தேர்ச்சி பெறுகிறவர்களை வயது பார்க்காமல் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அடுத்த தடவைக்கு அந்த உறுதி கிடையாது.

மதிப்பீட்டுக்கு நிலையம் தேர்ந்தெடுத்த இடம் அவர்கள் பிறந்த அதே தோட்டம். ரப்பர் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்துவிட்டது. ஒரே ஒரு லயம் மட்டும் இன்னும் நிற்கிறது, குடியிருந்தவர்களே வாங்கிக்கொண்டார்கள். “எனக்குத் தெரிஞ்ச இடம், தெரிஞ்ச ஆளு. வேற யாரையாச்சும் அனுப்புங்க” என்று லோகேஸ்வரி நிலையத்தில் சொல்லிப் பார்த்தாள். வேறு ஆள் இல்லை.

யாருக்கு எந்த வீடு என்று சீட்டுக் குலுக்கினார்கள். பரஞ்சோதி சீட்டைப் பிரித்தான்.

“லோகா! எங்க வூடுலா! நான் பொறந்த வூடு!”

கூட நின்றவர்கள் கைதட்டினார்கள். “அண்ணே, சாமி கண்ணத் தொறந்துருச்சு! நீங்க கண்ண மூடிக்கிட்டே பாஸ் பண்ணிடலாம்” என்றான் ஒருவன்.

லோகேஸ்வரி மட்டும் கைதட்டவில்லை.

இப்போது அந்த வீட்டில் குடியிருப்பவள், அந்தக் காலத்திலிருந்தே அதே லயத்துக்காரியான மருதம்மாள். அறுபதைத் தாண்டியவள், வாய் மட்டும் இன்னும் இருபதில் நிற்கிறது.

“வாய்யா பரஞ்சோதி! தல மொட்டையாயிருச்சே, அதுக்கும் சூரியத் தகடு போடப் போறியா?”

“ஒங்க வாய்க்கு மொதல்ல பூட்டுப் போடணும்க்கா.”

“போடு, போடு. பாலில்லாத தே ஓ கலக்கி வச்சிருக்கேன், குடிச்சிட்டுப் போடு. லோகு, நீயும் குடி பாப்பா.”

“பரீட்ச முடியட்டும்க்கா” என்றாள் லோகேஸ்வரி. முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

வாசலில் புதிதாக ஒரு முன்கூரை இறக்கியிருந்தார்கள். சிவப்புப் பெயிண்டு அடித்த தகரம். உள்ளே பிளைவுட் சீலிங். சமையல்கட்டு மூலையில் சீலிங்கைத் திறந்து பார்க்க ஒரு சதுரக் கதவு. அதற்கு நேர் கீழே ஏணியைச் சாய்த்து வைத்து, பக்கத்தில் டார்ச் லைட்டும் வைத்திருந்தார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

பரஞ்சோதி நிலைப்படியில் கால் வைத்ததும் பேச ஆரம்பித்துவிட்டான். சுவர் இடுப்பு வரை செங்கல், அதற்கு மேல் பலகை. சட்டம் செங்கால் என்னும் வன்மரக் கட்டை. சொன்னதெல்லாம் சரி. நடுச்சுவரில் கையை வைத்தான்.

“இது கூர வரைக்கும் போவாது. அதனால இந்த வூட்டுச் சூடு அடுத்த வூட்டுக்கும் போவும். ஒரு வூட்டுக்கு மட்டும் பஞ்சு விரிச்சாப் பத்தாது, லயம் முழுக்க ஒண்ணாத்தான் பாக்கணும்.”

மற்ற எவரும் சொல்லாத பதில் அது. தலையாட்டாமல் இருக்க லோகேஸ்வரி பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“மேலே கூரை எதனால் ஆனது? எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?” தாளில் உள்ளபடியே கேட்டாள்.

பரஞ்சோதி சிரித்தான். அந்தச் சிரிப்பில் முப்பது வருஷம் உதிர்ந்து போனது.

“என்னா லோகா, ஒனக்குத் தெரியாதா? சீலிங் புதுசு. மேல தகரம். மழ பேஞ்சா ரேடியோ கேக்காது. எங்கம்மா சைகையிலதான சோத்துக்குக் கூப்பிடும்? நீ சுவருக்கு அந்தப் பக்கம் கத்துவ, மேல ஏறி எட்டிப் பாத்தா வாயசைக்கிறது மட்டும்தான் தெரியும்.”

அவளுக்குக் கேட்டது. அந்த மழை, அந்தத் தகரம், உலகத்தையே மூடிவிட்டு அடிக்கும் அந்த மேளம். கண் கலங்கியது. தாளைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

ஆனால் அவன் ஜொகூருக்குப் போன மறு வருஷம் அடித்த பெருங்காற்றில் அந்தத் தகரமெல்லாம் பறந்துவிட்டதை அவன் அறியமாட்டான். லயம் முழுக்க நிர்வாகம் ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்டது. பிறகு தீபாவளிக்குத் தீபாவளி சனங்கள் ஏணியில் நின்றபடியே அதற்குச் சிவப்புப் பெயிண்டு அடித்தார்கள். முன்னாலிருந்து பார்த்தால் இறக்கிய தகரம்தான் கண்ணில் படும். பின்பக்கம் போய்க் கூரை விளிம்பைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தகரத்தின் விளிம்பு காகிதக் கனம், இது விரல் கனம். ஏணியில் ஏறியிருந்தால் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும். சீட்டில் வேறு வீடு விழுந்திருந்தால் அவன் ஏறியிருப்பான்.

அந்தத் தகட்டில் கால் வைத்தால் பிஸ்கட் போல் உடையும். துளை போட்டால் தூள் நெஞ்சுக்குள் போய்க் குடியிருக்கும். உரக் கிடங்கின் ஒழுகலை அடைக்க அப்படி ஒரு கூரையில் ஏறிய அவள் அப்பா, கூரையோடு கீழே வந்தார். அதற்குப் பிறகு அவர் நிமிர்ந்து நடந்ததை யாரும் பார்க்கவில்லை. மூத்திரத்துக்குக்கூட மகள் தோளைப் பிடித்துக்கொண்டு போனார்.

ஏணியை ஒரு பார்வை பார்த்தால் போதும். பரஞ்சோதி புரிந்துகொள்வான். ஒரே ஒரு பார்வை. உமாராணியின் கால் மெஷினை விட்டு இறங்கும். யாருக்குத் தெரியப் போகிறது?

லோகேஸ்வரி கண்ணைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.

“வேற எதாச்சும் பாக்கணுமா?”

“என் வூட்டுல எனக்கு என்னா பாக்கறதுக்கு இருக்கு? எழுதிக்க, தகரம்.”

அவள் எழுதினாள். எழுதி முடித்ததும் முடிவை அங்கேயே சொல்லிவிட வேண்டும் என்பது விதி.

“இன்னும் தேர்ச்சி இல்ல, ஜோதி.”

அவன் முதலில் சிரித்தான். விளையாடுகிறாள் என்று நினைத்தான். அவள் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு மெல்ல மெல்லச் செத்தது.

“நான் பொறந்த வூடே எனக்குத் தெரியலேன்னு சொல்றியா? நீயா சொல்ற? ஒரே கூரைக்குக் கீழ வளந்தவ, நீயா லோகா?”

தே ஓ கோப்பையோடு வந்த மருதம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏறிப் பாரு” என்றாள் லோகேஸ்வரி. “இப்ப ஏறிப் பாக்கலாம், ஜோதி.”

அவன் ஏணியைப் பிடுங்காத குறையாகப் பிடித்து ஏறினான். கதவைத் தள்ளினான். டார்ச் வெளிச்சம் மேலே அலைந்தது. பிறகு அசையாமல் நின்றது. கீழே இரண்டு பெண்களும் அவன் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெகுநேரம் கழித்து இறங்கினான். முகமெல்லாம் ஒட்டடை, கன்னமெல்லாம் ஈரம்.

“எங்க தகரம் எங்க லோகா?”

“பறந்துருச்சு. நீ போன மறு வருஷமே.”

“யாரும் எனக்குச் சொல்லலியே.”

“நீ வரவே இல்லியேய்யா” என்றாள் மருதம்மாள். கேலி இல்லாத குரலில் அவள் பேசி அன்றுதான் கேட்டார்கள்.

பரஞ்சோதி சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்து, கேவிக் கேவி அழுதான். வேலைக்காக அழுதானா, தகரத்துக்காக அழுதானா, அவனுக்கே தெரிந்திருக்காது. லோகேஸ்வரியும் மதிப்பீட்டாளர் அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

“ஏறியிருப்பேன்லா, மேல” என்றான் அவன் கடைசியில். “தகரம்னு நெனச்சு, பயமில்லாம நடந்துருப்பேன்.”

“நடந்துருப்ப.”

“அடுத்தது என்னைக்கு?”

“அடுத்த மாசம். ஆனா அந்தக் கம்பெனி…”

“போனாப் போவுது. ஒண்ணு மட்டும் செய். அடுத்த தடவ நீ வராத.”

அவளுக்குச் சுருக்கென்றது. “கோவமா?”

“இல்ல. ஒன் மூஞ்சியப் பாத்தா நான் வூட்டப் பாக்க மாட்டேன்.”

அவன் சொன்னபடியே அந்த நிறுவனம் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த மாதம் நிலையம் செமிலிங்கில் ஒரு கல் வீட்டைத் தேர்ந்தெடுத்தது. லோகேஸ்வரி அன்று அலோர் ஸ்டாரில் வேறொரு குழுவைச் சோதிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே பயிற்சி பெறுகிற ஒருவர் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தபோது அவள் கைப்பேசி அதிர்ந்தது. வேலையை முடித்துவிட்டு, வாசலுக்கு வந்துதான் கூப்பிட்டாள்.

“என்னா ஜோதி?”

“முன்பக்கம் ஓடு. பின்பக்கம் சமையல்கட்டு மேல மட்டும் தகரம். நடுவுல ஒரு எடத்துல கட்டைய கறையான் தின்னுருக்கு, அதுமேல தகடு ஏத்தக் கூடாது. சுவரு செங்கல், நானே தட்டிப் பாத்தேன்.”

“பாஸா, அதச் சொல்லு!”

“அவசரப்படாதலா. ரெண்டு தடவ ஏறுனேன். சோதிக்க வந்த மேடம், ‘போதும்ண்ணே, எறங்குங்க’ன்னு கெஞ்சிருச்சு.”

“ஜோதி!”

“பாஸ்” என்றான். அவன் பக்கத்திலிருந்து தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மெஷின் நிற்காததிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது, உமாராணிக்கு அவன் இன்னும் சொல்லியிருக்கவில்லை.