மஞ்சள் துணி கட்டிய குச்சிகள்

சில வருடங்களுக்கு முன், பல்கலைக்கழகத்தில் நான் கடைசி வருடம் படித்தபோது, இலங்கை மலையகத்தில் றொசல்லவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆற்றோரத்தில் நடந்தது இது.

ஆற்றங்கரைச் சேற்றில் என்னென்ன செடி வளர்கிறது, மேட்டுக்கு ஏற ஏற அது எப்படி மாறுகிறது என்பதுதான் என் ஆய்வு. கீழே கோரை, கொஞ்சம் மேலே பன்னம் என்கிற பெரணி, அதற்கும் மேலே மானாப்புல். தோட்டத்து ஆபீசில் அனுமதி வாங்கி, கரையிலிருந்து மேடு வரை அங்கங்கே குச்சி நட்டுக் கட்டங்கள் பிரித்தேன். மழைக்காலம் முடிந்ததும் அதே கட்டங்களை மறுபடி பார்க்க வேண்டும். அவை கெட்டுப்போனால் பட்டமே தள்ளிப்போகும்.

குச்சியில் கட்ட வாங்கிய சிவப்பு ரிப்பனை முதல் நாளே ஆற்றில் தவறவிட்டேன். அதுதான் என் சாமர்த்தியம்! கினிகத்தேனையில் வாப்பாவுக்குப் புடவைக்கடை. மிஞ்சிக் கிடந்த மஞ்சள் துணியை அவர் நாடா நாடாவாகக் கிழித்துத் தந்தார். தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

மழை விட்டு மறுபடி போன அன்று, பாதையில் நின்று கீழே பார்த்தேன். கரை முழுக்க மொட்டையாக வெட்டிக் கிடந்தது. எல்லாம் போச்சு என்று அழாத குறையாக இறங்கி ஓடினேன்.

கிட்டே போனால் நம்பவே முடியவில்லை. என் குச்சிகளைச் சுற்றி மட்டும் புல்லும் பன்னமும் செழித்து நின்றன. ஒரு குச்சியின் அடியில் குங்குமமும் வாடிய செம்பரத்தம்பூவும் கிடந்தன. குனிந்து பார்த்தபோது மேலிருந்து ஒரு குரல்.

“தங்கச்சி, அங்கிட்டு மிதிச்சிறாதீங்க! யாரோ நேந்துகிட்டு கட்டியிருக்காங்க!”

மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் கூடையோடு இறங்கி வந்தார். பின்னாலேயே இன்னும் சில பெண்கள். சாமி காரியத்தில் விளையாடியதாக நினைத்தால் என்ன செய்வது?

“அக்கா, அது நேர்த்தி இல்ல. நான்தான் கட்டினேன், படிப்புக்காக” என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர்கள் என் முக்காட்டைப் பார்த்தார்கள். மஞ்சள் துணியைப் பார்த்தார்கள். அவ்வளவுதான், சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

“பன்னி வந்து ஒளியுதுன்னு வேல வாங்குற கண்டாக்கையா எல்லாத்தையும் வெட்டச் சொன்னாரு. இத மட்டும் தொடக்கூடாதுன்னு நாங்கதான் சண்ட போட்டோம்” என்றார் அந்த அக்கா. “யாரு வீட்டுல என்ன கஷ்டமோ, இத்தன எடத்துல கட்டியிருக்காங்களேன்னு பாவமா இருந்திச்சு. போகயில வரயில, ‘அவங்க நெனச்சது நடக்கணும் சாமி’ன்னு நாங்களும் சேத்துக் கும்பிட்டுட்டுப் போவோம்.”

“இனிமே வெட்டிருவீங்களாக்கா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“ஏன், நீங்க நெனச்சது இன்னும் நடக்கலயே? படிச்சு முடிங்க, அப்புறம் வெட்டிக்கலாம்.”

சொன்னபடியே செய்தார்கள். நான் கடைசியாகப் போன நாள் வரை ஒரு புல்லைக்கூட யாரும் தொடவில்லை. பட்டம் கிடைத்ததும் வாப்பா இனிப்புக்குத் தொதல் வாங்கித் தந்தார். அதை எடுத்துக்கொண்டு அந்த மலைக்குப் போனேன். “அப்ப சாமி கேட்டிருச்சு!” என்று அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார். குச்சிகளை அன்று நானே பிடுங்கினேன். அவர்கள் குங்குமம் வைத்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு வந்தேன்.

எனக்காக உம்மாவும் வாப்பாவும் துஆ கேட்டது பெரிதில்லை, நான் அவர்கள் பிள்ளை. யாரென்றே தெரியாத ஒருத்தியின் ஆசை நிறைவேறட்டும் என்று அந்த அக்காமார் கைகூப்பினார்களே, அதை நினைத்தால் இன்றும் கண் கலங்குகிறது. இப்போதெல்லாம் தொழுது முடித்துக் கையேந்தும்போது, பெயர் தெரியாத யாரோ ஒருவருக்காகவும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.