நின்று நின்று ஓடிய கார்

மல்லசமுத்திரத்தில் லாரிகளுக்கு பேட்டரி, வயரிங் வேலை பார்க்கிறேன். நான் படித்தது ஒன்பதாவது வரைக்கும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் மகள் தன் பெரியம்மா மகனிடம் ஒரு ரிமோட் கார் கேட்டு வாங்கி வந்திருந்தாள். கையகலம்தான் இருக்கும். உள்ளே நான்கு பென்சில் பேட்டரி. ஞாயிற்றுக்கிழமை அவனே வந்து எடுத்துக்கொள்வான் என்று பேச்சு.

வெள்ளிக்கிழமை மதியம் வாசலில் தேங்கிய மழைத்தண்ணீரில் அதை ஓட்டிவிட்டாள். நான் துடைத்து, பேட்டரியைக் கழற்றி மாட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் தகராறு ஆரம்பித்தது. விளக்கு எரியும். ஒரு முழம் ஓடும். நிற்கும், விளக்கும் அணையும்.

"ஏனுங்க, மோட்டாருல தண்ணி பூந்துருச்சாட்ட இருக்குது. எங்கக்கா மகன் வந்தா என்னன்னு சொல்றது?" என்றாள் என் மனைவி.

"தண்ணியில உட்டது நீதான அம்மிணி?" என்று நானும் மகளைக் கேட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மகளும் வந்தாள். புது பேட்டரி போட்டும் அப்படியே இருந்தது. மீட்டரில் ஆறு வோல்ட் சரியாகக் காட்டியது. தூக்கிப் பிடித்தால் சக்கரம் சுற்றியது, தரையில் வைத்தால் நின்றது. லாரியிலும் இப்படி வரும். சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லாம் நல்லதாகத்தான் தெரியும். வண்டி இழுக்கும்போது அளக்க வேண்டும்.

மகளைச் சக்கரத்தை அமுக்கிப் பிடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு பேட்டரியும் ஒன்றரை வோல்ட் காட்டியது. பேட்டரிப் பெட்டியிலிருந்து வெளியே போகும் வயரில் பார்த்தால் மொத்தமே மூன்று. பேட்டரிக்கும் வயருக்கும் நடுவில் ஸ்பிரிங்கைத் தவிர வேறெதுவும் இல்லை.

ஸ்பிரிங்கில் துரு இல்லை. கிரீஸ் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் துடைத்தபோது, ஈரத்துக்குத் துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று நான்தான் தடவினேன். லாரி பேட்டரியில் வயரைப் பிடிக்கும் கிளாம்பை ஸ்பேனரால் இறுக்கிய பிறகு மேலே தடவுவோம். உள்ளே கிளாம்பும் பேட்டரி முனையும் ஏற்கனவே ஒட்டியிருக்கும். இந்தக் காரில் இறுக்குவதற்கு எதுவும் இல்லை, ஸ்பிரிங் லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அதற்கு நடுவில் போய், கரண்ட் போகாத கிரீஸைத் தடவியிருக்கிறேன்.

துணியால் அழுத்தித் துடைத்துப் போட்டதும் கார் பட்டறைக் கதவு வரை ஓடியது.

"கெடுத்தது நானு சாமி. நீயில்ல," என்றேன்.

"இத அம்மாகிட்டயும் சொல்லோணும்ங்கப்பா."

"சொல்றேன்."

"இப்பவே போனு போடுங்க."

போட்டேன். மனைவி சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் வந்தான். காரைக் கையில் கொடுக்கும்போது மகள் சொன்னாள்: "தண்ணியில ஓட்டுனேன்ண்ணா, அது என்ற தப்பு. நடுவுல ஓடாம நின்னுச்சு, அது எங்கப்பா தப்பு."

அவன் காரைத் தரையில் விட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "இன்னொரு நாளைக்கு வெச்சுக்க," என்றான்.