மூன்று உழவு

மாவு டிரைவர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்து போயிருக்கும். டிராக்டருக்குப் பின்னால் ரோட்டவேட்டரை மாட்டிக்கொண்டு வயலில் இறங்கினாரானால், அதன் சுழலும் கத்திகள் கட்டியையெல்லாம் உடைத்து மண்ணைச் சலித்த மாவாக்கிவிடும். அதை உள்ளங்கையில் அள்ளி ஊதிக் காட்டாமல் மனிதர் இடத்தை விட்டு நகரமாட்டார். அத்தனை பெருமை! ஆழமாகக் கீறிக் கட்டி கட்டியாகப் பெயர்க்கும் உளிக்கலப்பையைக் கண்டாலே அவருக்கு ஆகாது. பன்றி கிளறின மாதிரி இருக்கிறது என்பார்.

தங்கை வயல் என்றால் கேட்கவே வேண்டாம். ஊராருக்கு ஒரு உழவு என்றால் அவளுக்கு மூன்று. ஈரம் காயுமுன்பே இறங்கிவிடுவார். கூடப் பிறந்தவள் அல்லவா?

அந்த வயலில்தான் வருடா வருடம் பருத்தி கருகியது. மழை பெய்தால் தண்ணீர் குளமாய் நின்றது. நாலு நாள் வெயில் அடித்தால் செடி தலையைத் தொங்கப் போட்டது. தண்ணீர் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது என்று தங்கையின் கணவர் ஒருமுறை வாயைத் திறந்தார். போச்சு! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், தண்ணீர் பாய்ச்சத் தெரியாதவருக்கு மண்ணா குற்றம் என்று டீக்கடையில் பத்துப் பேர் நடுவில் டிரைவர் அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். இந்த வருடமும் பருத்தி போனதும், மாப்பிள்ளை வெளியூரில் வாட்ச்மேன் வேலைக்கென்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அவர் போன மறுநாள், தங்கைக்கு நாமாவது விதைத்துக் கொடுப்போம் என்று காய்ந்த செடிகளைப் பிடுங்க இறங்கினார் டிரைவர். முதல் செடியின் ஆணிவேர் ஒரு சாண் இறங்கி, அங்கிருந்து பக்கவாட்டில் மடங்கிக் கிடந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். கடப்பாரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். ஒரு சாண்வரை புசுக்கென்று இறங்கியது, பிறகு சிமெண்டுத் தரையில் பட்டதுபோல் கை அதிர்ந்தது.

கடப்பாரையோடு வரப்பைத் தாண்டி அடுத்த வயலுக்கு ஓடினார். அதன் சொந்தக்காரர் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். ஒரு உழவுக்கு மேல் விடமாட்டார், அதுவும் மண் நன்றாகக் காய்ந்த பிறகு உளிக்கலப்பையால். அங்கே கடப்பாரை முழங்கால் ஆழம் போனது. அடப்பாவி, கஞ்சன் வயல் பிழைத்துக்கொண்டதே! ஈர மண்ணில், திரும்பத் திரும்ப ஒரே ஆழத்தில், வண்டிப் பாரத்தாலும் கத்தியாலும் அழுத்தி அழுத்தித் தங்கை வயலுக்கு அடியில் தளம் போட்டது வேறு யாருமில்லை. அதைத் தாண்டி வேரும் இறங்கவில்லை, நீரும் இறங்கவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தங்கை வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது அவள் அழவுமில்லை, திட்டவுமில்லை. கணவருக்குப் போன் போட்டு அண்ணன் கையில் கொடுத்தாள்.

“தப்பு உங்க மேல இல்ல, மாப்ள. நான்தான் உழுது உழுது அடிமண்ண இறுக வச்சிட்டேன். வந்துருங்க. உளிக்கலப்ப போட்டு உடைச்சிரலாம்.”

மாப்பிள்ளை திருப்பிக் கேட்டார்.

“தண்ணி இறங்கலன்னு நான் சொன்னப்ப நீங்க என்ன சொன்னீங்க, மச்சான்?”

டிரைவருக்கு டீக்கடையில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருந்தது.

“வர்றேன்,” என்றார் மாப்பிள்ளை. “ஆனா உளிக்கலப்பைய வேற யாராவது ஓட்டட்டும். இனிமே உங்க வண்டி என் வயல்ல இறங்கக் கூடாது.”

தங்கை அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாவு டிரைவர், “சரி மாப்ள” என்றார்.