என் யானை வெடித்த காலை

கட்டைவிரல் அளவுதான் அந்த மண் ஆடு. காய்ந்து வெளுத்திருந்தது, இன்னும் சுடப்படவில்லை. எதையோ மென்றுகொண்டிருப்பதுபோல ஒரு பக்கக் கன்னம் மட்டும் உப்பியிருந்தது. அதைத் தரையில் போட்டு நான் செருப்புக் காலால் மிதித்தேன். பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் ஆலைக்கு அப்போது நான் மேலாளர். மின்சார ஃபியூஸ் கட்டைகள் செய்துகொண்டிருந்தோம். ஆட்டைச் செய்தவர், அந்தக் கட்டைகளைச் சூளைக்குள் அடுக்குகிற பெண். மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார், கணவர் துபாயில். ஆலையில் எல்லோருக்கும் அவர் ‘பேட்டை அக்கா’. அடுக்கும்போது நடுவில் விழுகிற சந்துகளில், மிச்ச மண்ணில் பிடித்த ஆடு, கோழி, ஆட்டோ என்று எதையாவது செருகிவிடுவார். அவரைப் பார்த்து மற்றவர்களும் செருக ஆரம்பித்திருந்தார்கள். “ஒண்ணு வெடிச்சா பக்கத்துச் சரக்கெல்லாம் பாழ்” என்று கத்தினேன். அதுவரை ஒன்றுகூட வெடித்ததில்லை என்பது எனக்குத் தெரியும். என்னைக் கேட்காமல் நடந்தது என்பதுதான் கோபம். பீங்கான் தொழில் படித்துப் பட்டம் வாங்கியவன் என்ற திமிர் வேறு.

அடுத்த வருடம் கொலு பொம்மைகளும் செய்யத் தொடங்கினோம். வாங்கிய அச்சுகளில் வந்தவை எல்லாக் கடையிலும் இருக்கிற பொம்மைகள். புதிதாக ஏதாவது வராவிட்டால் அந்தப் பிரிவையே மூடிவிடப்போவதாக முதலாளி சொன்னார். எல்லோரையும் கூட்டி யோசனை கேட்டேன். “நீங்க சொல்லுங்க சார், செய்யறோம்” என்றார்கள். பேட்டை அக்கா அதுகூடச் சொல்லவில்லை. அந்தச் செருப்புக் காலால் எதையெல்லாம் மிதித்திருக்கிறேன் என்று அன்றுதான் புரிந்தது.

சூளையில் ஒரு தட்டை அவர்களுக்கே விட்டேன். யார் எதை வைத்தாலும் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன் என்றேன். மூன்று வாரம் அந்தத் தட்டு வெறுமையாகவே வெந்தது. என்னை யார் நம்புவார்கள்? நான்காவது வாரம் நானே ஒரு யானையைச் செய்து அதில் வைத்தேன்.

காலையில் சூளையைத் திறந்தால் யானையைக் காணோம். நான்கு கால்கள் மட்டும் நின்றன. சில்லுகள் தெறித்து ஒரு வரிசை ஃபியூஸ் கட்டைகள் வீணாகியிருந்தன. பேட்டை அக்கா குனிந்து ஒரு காலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னா சார் இது, உலக்கையா?”

“யானைம்மா.”

“யானையா? வயித்தக் குடையாம கெட்டியா வச்சா வெடிக்காம என்னா செய்யும்? இதெல்லாம் காலேஜுல சொல்லித் தர்லீங்களா?”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வர நானும் சிரித்தேன். அது அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. எல்லோர் முன்னாலும் செய்த தப்பு, எல்லோர் முன்னாலும்தான் சொல்ல வேண்டும்.

“உங்க ஆடு வெடிச்சிருக்காதும்மா. தெரிஞ்சேதான் மிதிச்சேன். தப்பு.”

அவர் என்னோடு சேர்ந்து சில்லுகளைப் பொறுக்கினார்.

அடுத்த சூளைக்குத் தட்டில் இடம் போதவில்லை. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு வெங்காயம் அரிகிற பெண். அது அக்கா செய்தது. அந்த நவராத்திரிக்கு முதலில் விற்றுத் தீர்ந்த பொம்மை அதுதான். பிரிவு பிழைத்தது. அதன் பிறகு என் பங்குக்கு நான் விடாமல் செய்தது ஒன்றுதான்: மாதம் ஒரு தடவை எதையாவது செய்து எல்லோர் முன்னாலும் கெடுத்துக்கொண்டேன். மேலாளரே அசடு வழிகிற இடத்தில் மற்றவர்களுக்கு என்ன பயம்?

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. புதுப் பொம்மைகளுக்கு வடிவம் போடுகிற பிரிவு அக்காவின் பொறுப்பில் இருக்கிறது. அவர் என்னை மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. போன வாரம் ஆலைக்குப் போயிருந்தேன். வாங்க என்றுகூடச் சொல்லாமல் ஒரு உருண்டை மண்ணை என் கையில் வைத்தார்.

“ஒக்காந்து ஏதாவது செய்ங்க சார். இன்னிக்கு சூளையில வேற சரக்கு இல்ல, தைரியமா வைக்கலாம்.”